அலுவிகாரை வழியாகச் சென்ற வடபாதை
(குடும்பமாக வழிநடந்தோரின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு)

ஒரு நாட்டின் வரலாறு அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் மாத்திரம் நிகழ்ந்ததன்று. அதன் பெருவழிகளிலும் அது நிகழ்ந்துள்ளது. படைகள் சென்ற வழிகளையும் வணிகச் சாத்துகள் சென்ற வழிகளையும் வரலாற்றாசிரியர் ஓரளவு ஆராய்ந்துள்ளனர். ஆனால், பிழைப்புத் தேடிக் கூட்டங்கூட்டமாக நடந்த எளிய மக்களின் வழிகள் அத்தகைய கவனத்தைப் பெற்றன என்று கூறுவதற்கில்லை. இலங்கையில் அவ்வாறான வழிகளுள் தலையாயது, மன்னார்க் கரையிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, அலுவிகாரை ஆகிய இடங்களின் வழியாக மாத்தளையை அடைந்த வடபாதையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மலைநாட்டை அடைந்த தலையாய வழி இதுவே.

இப்பாதையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தொழிலாளர் தொகை, கோப்பி ஏற்றுமதி, இறப்புக் கணக்கு ஆகியவற்றையே பேசுகின்றன. தலைகளை எண்ணிய ஏடுகளிற் குடும்பங்கள் தென்படுவதில்லை. தனியாட்களின் பருவகால நடையாகத் தொடங்கிய இப்பயணம் எவ்வாறு குடும்பங்களின் குடிபெயர்வாக மாறியது என்பதையும், அக்குடும்பங்களின் பயணம் எழுத்திற் பதியப்படாமையால் அவர்தம் வழித்தோன்றல்களுக்கு நேர்ந்தது யாது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் வழியும்

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 பெருந்தெருவின் அருகே அலுவிகாரை அமைந்துள்ளது. பெரும் பாறைகளுக்கிடையே குடையப்பட்ட குகைகளைக் கொண்ட இவ்விகாரை, பௌத்த உலகெங்கும் பெயர்பெற்ற ஓரிடமாகும். அதுகாறும் வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம், வலகம்பா எனப்படும் வட்டகாமினி அபயனின் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், ஏட்டில் எழுதப்பட்டது. மகாவமிசம் இச்செயலைக் கூறுகின்றதேயன்றி இடத்தைக் கூறவில்லை. அது நிகழ்ந்த இடம் மாத்தளையைச் சேர்ந்த அலுவிகாரையே என்னும் மரபைப் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த நிகாய சங்கிரகம் தருகின்றது.

இவ்வெழுத்துப் பணிக்கான காரணம் நம் பொருளுக்கு நெருங்கியதாகும். நாட்டில் ஆட்சிக் குழப்பமும் கொடிய பஞ்சமும் நிலவின. மனப்பாடமாக ஓதிய பிக்குகள் பலர் இறந்தனர். வேறு பலர் கடல் கடந்து அக்கரைக்குச் சென்றனர் என்று பாளி உரைநூல்கள் கூறும். ஓதுவோர் அழிந்தால் ஓதப்படுவதும் அழியும் என்ற அச்சமே நூலை ஏட்டில் ஏற்றியது. பஞ்சம் மனிதரைக் கடல் கடக்கச் செய்யும் என்பதையும், எழுதப்படாத நினைவு ஓரிரு தலைமுறைகளில் அழிந்துவிடக்கூடும் என்பதையும் அன்றைய பிக்குகள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அலுவிகாரை அமைந்துள்ள மாத்தளைப் பள்ளத்தாக்கு, வரண்ட வடசமவெளியிலிருந்து கண்டி மலைநாட்டுக்கு ஏறுவதற்கு இயற்கை அமைத்துத் தந்த வாயிலாகும். மாத்தளையைச் சார்ந்து பாயும் சுது கங்கை வடக்கே சென்று அம்பன் கங்கையோடு இணைய, அம்பன் கங்கை மகாவலியை அடைகின்றது. ஆற்றின் போக்கையொட்டி வழி அமைவது உலகெங்கும் காணப்படும் இயல்பு. இவ்வழியின் தொன்மைக்கு நாலந்தைக் கெடிகே சான்று பகரும். பல்லவர் கட்டடக்கலையின் சாயலைக் கொண்ட இக்கற்றளி ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கருதப்படுகின்றது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், நீர்த்தேக்கத்தில் அமிழாதவாறு கற்கள் பெயர்க்கப்பட்டு மேட்டுநிலத்தில் மீள நிறுவப்பட்ட இக்கோயில், தென்னகக் கைவினைக்கும் மாத்தளைப் பகுதிக்கும் இருந்த பழந்தொடர்பை இன்றும் காட்டி நிற்கின்றது. ஆங்கிலேயர் 1803இல் மாத்தளையில் மக்டோவல் கோட்டையை அமைத்ததும் இவ்வாயிலின் முக்கியத்துவம் கருதியே எனலாம்.

கோப்பியும் பாதையும்

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேட் என்பாரும், கன்னொருவையில் ஆள்பதி எட்வேட் பாண்ஸும் கோப்பிச் செய்கையைத் தொடங்கினர். 1830களின் பிற்பகுதியிலும் 1840களிலும் இச்செய்கை பெருவேகத்திற் பரவியது. காடுகள் அழிக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்டவியலாத காணிகளை முடிக்குரியன எனக் கொள்ள வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மேய்ச்சலுக்கு விட்டும் வந்த நிலத்துக்குக் கண்டிக் குடியானவரிடம் எழுத்துச் சான்று இருக்கவில்லை. அந்நிலங்கள் குறைந்த விலைக்குத் தோட்டத்துரைமார் கைக்கு மாறின. எழுத்தில்லாமை ஒரு மக்கட் கூட்டத்தின் உரிமையைப் பறித்த முதல் நிகழ்ச்சி இப்பகுதியில் இதுவேயாம். பின்னர் வேறொரு மக்கட் கூட்டத்துக்கும் அதே கதி நேர்ந்ததை மேலே காண்போம்.

கண்டிக் கிராமத்தவர் தோட்டங்களிற் கூலிக்கு நிலையாக வேலை செய்ய விரும்பவில்லை. அவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது; நிலத்தை இழந்த மனக்குறையும் இருந்தது. ஆகவே, துரைமார் பாக்கு நீரிணைக்கு அப்பால் நோக்கினர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளில் நிலமற்ற கூலிகளும் கடன்பட்ட சிறு உழவரும் மிக்கிருந்தனர். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் இறுதி மாதங்களில் அமைந்தது. தமிழகத்திற் சம்பா அறுவடை தைமாதத்தை ஒட்டி அமைந்தது. இரண்டுக்கும் இடையே ஒருவர் சென்று உழைத்து மீளக் காலம் இருந்தது. இக்காலப் பொருத்தமே வடபாதையிற் பருவந்தோறும் மனிதரை நடத்தியது.

பாதைகளும் இதே காலத்திலேயே பெருகின. பாதை ஆணையாளராக விளங்கிய தோமஸ் ஸ்கின்னரின் பெயர் இலங்கைப் பெருந்தெருக்களின் வரலாற்றோடு பிரிக்கவியலாதவாறு இணைந்துள்ளது. எனினும், தெருவமைப்பின் முதல் நோக்கம் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதேயாகும். கோப்பி செல்லும் தென்மேற்கு வழிகள் விரைந்து செப்பனிடப்பட்டன. கூலிகள் வரும் வடவழி நெடுங்காலம் காட்டுப்பாதையாகவே கிடந்தது. பண்டத்துக்கு ஒரு தெருவும் மனிதருக்கு ஒரு தடமும் என அமைந்த இவ்வேறுபாடு நோக்கற்பாலது.

1848ஆம் ஆண்டில் இப்பாதை மற்றொரு வரலாற்று நிகழ்ச்சிக்கும் களமாயிற்று. ஆண்டில் ஆறு நாள் பாதை வேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் வரி செலுத்துதல் வேண்டும் என்ற சட்டமும் பிற வரிகளும் கண்டி மக்களைக் கிளர்ந்தெழச் செய்தன. தம்புள்ளையில் முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டாவின் தலைமையில், கிளர்ச்சியாளர் இவ்வழியாகவே மாத்தளைக்குள் வந்து கச்சேரியைத் தாக்கினர். புரன் அப்பு 1848 ஓகஸ்ட் 8இல் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டான். அடக்குமுறையின்போது அலுவிகாரையும் அங்கிருந்த ஏடுகளும் சேதமுற்றன என்பது மரபு. அதே ஆண்டுகளில் அதே வழியில் தமிழ்க் கூலிகள் நடந்து சென்றனர். ஒரே அரசின் ஒரே பொருளாதாரக் கொள்கை, உள்ளூர்க் குடியானவனை நிலத்திலிருந்தும் அக்கரைக் குடியானவனை ஊரிலிருந்தும் பெயர்த்தது என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மையாகும். இருவரும் பாதையிற் சந்தித்தனர். ஆயின், ஒருவர் துயரை மற்றவர் அறியும் வாய்ப்பு அமையவில்லை.

கரையிலிருந்து மாத்தளை வரை

ஒரு குடும்பத்தின் பயணம் ஊரிலேயே தொடங்கிற்று. தோட்டத்துரையிடம் முற்பணம் பெற்றுவந்த கங்காணி, தன் ஊரிலும் அயலூர்களிலும் ஆள் சேர்த்தான். அவன் பெரும்பாலும் உறவினனாகவோ ஒரே ஊரினனாகவோ இருந்தமையின், மக்கள் அவனை நம்பிப் புறப்பட்டனர். ஊர்க்கடனைத் தீர்த்தமை, வழிச்செலவு, படகுக் கூலி, சோற்றுச் செலவு ஆகிய யாவும் தொழிலாளி பெயரிற் கடனாக ஏறின. எனவே, அவன் இலங்கைக் கரையை மிதிக்கும் முன்னரே கடனாளியாகிவிட்டான். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். ஒவ்வொரு சில்லறைக் கங்காணியின் குழுவும் பெரும்பாலும் ஓர் உறவுக் குழுவே. தோட்டத்துரையின் ஏட்டில் அது ஓர் ஆள்கூட்டம். உள்ளே நோக்கின் அது மாமன், மைத்துனன், தம்பி, கொழுந்தன் என்ற உறவுகளாற் பின்னப்பட்டது.

காவிரி, வெள்ளாறு, வைகை ஆகிய ஆறுகளின் வடிநிலங்களிலிருந்து புறப்பட்டோர் கால்நடையாகவே இராமநாதபுரக் கரையை அடைந்தனர். தொண்டி, தேவிபட்டினம், இராமேசுவரம் முதலிய துறைகளிலிருந்து தோணிகளில் ஏறித் தலைமன்னார், மன்னார், அரிப்பு முதலிய இடங்களில் இறங்கினர். அங்கிருந்து ஒரு வழி புத்தளம், குருநாகல் நோக்கிச் சென்றது. மற்றதே மாத்தளைக்குச் சென்ற வடபாதை.

கரையிலிருந்து மதவாச்சி வரையிலான பகுதி வன்னிக் காடு. மல்வத்து ஓயா எனவும் அருவியாறு எனவும் வழங்கும் ஆறு, அநுராதபுரப் பகுதியிலிருந்து வந்து அரிப்புக்கு அருகே கடலிற் கலக்கின்றது. அந்த ஆற்றின் நாட்டினூடே எதிர்முகமாக நடந்தது இப்பயணம். ஆடி, ஆவணியில் ஆறு மணலாய்க் கிடக்கும், குளங்கள் வற்றியிருக்கும். எஞ்சியிருக்கும் கலங்கல் நீரையே குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டியிருந்தது. தை, மாசியில் ஊர் திரும்புவோர்க்கோ முன்பெய்த மாரியின் சேறும் காய்ச்சலும் எதிர்ப்பட்டன. பண்டைய குளங்கள் உடைந்து, ஊர்கள் சுருங்கி, மலேரியா மலிந்திருந்த நாடு அது. வடமத்திய மாகாணம் 1873இல் தனி மாகாணமாக்கப்பட்டதன் பின்னரே அங்குக் குளத் திருத்தம் முனைப்புப் பெற்றது.

மிகிந்தலையையும் தம்புள்ளையையும் கடந்து நாலந்தையை அணுகியதும் நிலத்தின் தோற்றம் மாறும். முட்காடு விலகிப் பசுமை கூடும். வற்றாத நீரோடைகள் தென்படும். இரவிற் குளிரும் தொடங்கும். வெப்பநாட்டு மெல்லாடையோடு வந்தவர்க்கு அக்குளிரும் ஒரு பகையே. பத்து நாட்களுக்கு மேல் நடந்து தளர்ந்தோர் அலுவிகாரையின் பாறைகளைக் கண்டபோது மாத்தளை அண்மையில் என அறிந்திருப்பர். இன்று தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வாகனத்தில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்திற் செல்லலாம். அன்று அது குழந்தையைத் தூக்கி நடந்த தாய்க்கு இரண்டு, மூன்று நாட் பயணம். சமையற் கலம், அரிசி, கந்தல் மூட்டை ஆகியவற்றையும் அவர்களே சுமந்தனர்.

மாத்தளை பயணத்தின் முடிவாகவும் பிரிவாகவும் அமைந்தது. அங்கிருந்து சிலர் றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும், வேறு சிலர் கண்டி வழியாக மேலும் தெற்கேயுள்ள மலைகளுக்கும் சென்றனர். ஒன்றாக நடந்துவந்த உறவினர் வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரிந்த இடமும் அதுவே. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மரத்தடி வழிபாடாகத் தொடங்கி, பின்னர் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பொருளுதவியோடு 1874இற் கோயிலாக எழுந்தது. அம்மை நோய்க்கும் மழைக்கும் உரிய தெய்வமாகத் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் வணங்கப்படுபவள் மாரியம்மன். வறட்சியிலும் அம்மைநோய்க்கு நடுவிலும் நடந்துவந்த மக்கள் வழிமுடிவில் அவளையே நினைத்தது இயல்பேயாகும்.

இறந்தோர் தொகை

வாந்திபேதி, அம்மை, வயிற்றுளைச்சல், காய்ச்சல், பசி ஆகியவை வடபாதையில் எண்ணற்றோரைக் கொன்றன. நடக்கவியலாது வீழ்ந்தோர் வழியிலேயே விடப்பட்டனர் என்பதை அக்காலப் பத்திரிகைகளும் அரசாங்க அறிக்கைகளும் குறிப்பிடுகின்றன. கங்காணிக்குக் குறித்த நாளில் ஆட்களைக் கொண்டு சேர்க்கும் கட்டாயம் இருந்தது. நோயாளிக்காகக் கூட்டம் முழுவதும் தங்கினால் அரிசி தீர்ந்துவிடும். பாதையோரக் கிராமத்தவர் தொற்றுநோய்க்கு அஞ்சி ஒதுங்கினர். இதனை அவர்தம் கொடுமை என்று மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு கூட்டம் தங்கிச் சென்றபின் அவர்களுடைய ஊர்களிலும் வாந்திபேதி பரவிற்று.

1849இற் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, 1841 முதல் அவ்வாண்டு வரை ஏறத்தாழ 70,000 தொழிலாளர் இறந்தனர் என்றும், இது வந்தோரில் நாலில் ஒரு பங்கு என்றும் மதிப்பிட்டது. பின்வந்த நூல்கள் பலவற்றில் இத்தொகை எடுத்தாளப்பட்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோப்பித் தோட்டத் தொழிலாளரைப் பற்றி 1989இல் நூல் வெளியிட்ட டொனவன் மொல்ட்ரிச் இப்பாதையின் அவலத்தை விரிவாக எடுத்துரைத்தார். எனினும், வரலாற்று மாணவர் இத்தொகையை ஆய்ந்தே ஏற்றல் வேண்டும். வந்தோர் தொகையிலிருந்து மீண்டோர் தொகையைக் கழித்துப் பெறும் கணக்கில், இறந்தோரோடு நாட்டிலேயே தங்கியோரும், பதிவில்லாத சிறு துறைகளின் வழியே தோணியேறி மீண்டோரும் அடங்கிவிடுவர். ஆகவே, உண்மைத் தொகை இதனிற் குறைந்திருக்கலாம் என்பது நியாயமே.

ஆயின், இவ்வையத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். இத்தனை ஆயிரம் மனிதர் இறந்தனரா, ஊர் திரும்பினரா, மலையில் தங்கினரா என்று இன்றுவரை துணிந்து கூற இயலாமலிருப்பதே அன்றைய நிருவாகம் அவர்களை எவ்வாறு மதித்தது என்பதற்குச் சான்றாகும். ஏற்றுமதியான கோப்பி அந்தர் கணக்கில் ஆண்டுதோறும் ஒழுங்காகப் பதியப்பட்டது. அதனைப் பறித்தோர் எங்குச் சென்றனர் என்பதற்குக் கணக்கில்லை. தொகை பற்றிய விவாதத்தில் வெல்வோர் யாராயினும் இவ்வுண்மை மாறாது.

அரசும் துரைமாரும் முற்றிலும் வாளாவிருந்தனர் என்றும் கூறவியலாது. பாதையோரத்திற் கிணறுகள், தங்குகொட்டகைகள், மருத்துவ நிலையங்கள் ஆகியன காலப்போக்கில் அமைக்கப்பட்டன. 1872இல் தோட்டப் பகுதிகளுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. ஆனால், இவை யாவும் தொழிலாளர் வரவு தடைப்படுமோ என்ற கவலையின் அளவுக்கே நீண்டன, அதற்கப்பாற் செல்லவில்லை.

தனியாளிலிருந்து குடும்பத்துக்கு

கோப்பிக் காலத்தின் தொடக்கத்தில் வடபாதையில் நடந்தோர் மிகப் பெரும்பாலும் ஆடவரே. பெண்டிரும் குழந்தைகளும் சிறு தொகையினர். ஊரில் மனைவியையும் பெற்றோரையும் விட்டுச் சில மாதம் உழைத்து மீள்வதே வழக்கம். பயணம் குடும்பத்துக்காக மேற்கொள்ளப்பட்டதாயினும், குடும்பத்தோடு மேற்கொள்ளப்பட்டதன்று.

இந்நிலையை மாற்றிய காரணங்கள் மூன்று. முதலாவது, பஞ்சம். தாது வருடப் பஞ்சம் எனத் தமிழ்நாட்டு மக்கள் இன்றும் நினைவுகூரும் 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது, ஊரில் விட்டுவருவதற்கு ஒன்றும் இல்லாதோர் முழுக் குடும்பமாகப் புறப்பட்டனர். இலங்கைக்கு வந்தோர் தொகையும் அவ்வாண்டுகளில் வெகுவாக உயர்ந்தது. இரண்டாவது, பயிர் மாற்றம். 1869இற் கண்டறியப்பட்ட கோப்பி இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அச்செய்கையை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிப் பழம் பறிக்கச் சில மாதம் போதும். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படல் வேண்டும். கொழுந்து பறித்தற்குப் பெண்களின் உழைப்பையே துரைமார் விரும்பினர். மூன்றாவது, கூலிமுறை. ஒருவர் கூலியில் ஒரு குடும்பம் வாழவியலாதவாறு கூலி தாழ்ந்திருந்தமையின், கணவன், மனைவி, பிள்ளை ஆகிய மூவரும் உழைத்தாலன்றி லயத்தில் அடுப்பெரியாது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டங்கூட ஆண், பெண், பிள்ளை என மூவகைக் கூலிகளையே வகுத்தது.

இவ்வாறு, குடும்பம் என்ற அமைப்பே தோட்டப் பொருளாதாரத்தின் உழைப்பு அலகாயிற்று. இதிற் பெண் பட்ட பாடு தனியே ஆராயத்தக்கது. வழியிற் சமைத்தவள் அவள். குழந்தையைச் சுமந்தவள் அவள். மாத்தளையை அடைந்தபின் மலையேறிக் கூடை சுமந்தவளும் அவளே. கடன் மாத்திரம் பெரும்பாலும் கணவன் பெயரிலும் கங்காணி ஏட்டிலும் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பிய குடும்பம், புதிய துரை அக்கடனைத் தீர்த்தாலன்றி நகரவியலாது. இக்கடன் தொகை குறித்த சீட்டே துண்டு எனப்பட்டது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, மனிதர் கைமாறுவதற்கு அச்சீட்டே ஆவணமாக விளங்கியது. செக்றோல் ஏட்டில் அவர்கள் பெயர் ஏறியதும் உழைப்புக் கணக்கிற்காகவே. முழுநாள் வேலை முழுப்பேர், அரைநாள் வேலை அரைப்பேர் என இன்றளவும் தோட்டங்களில் வழங்கும் சொற்கள், பெயர் என்பதற்கே கூலிநாள் என்ற பொருள் ஏறியதைப் புலப்படுத்துகின்றன.

பாதை மூடப்படுதல்

1867இற் புகையிரதம் கண்டியையும், 1880இல் மாத்தளையையும் அடைந்தது. அதன்பின் வடபாதையில் நடந்துவந்தோர் மாத்தளையிற் புகையிரதத்தைக் கண்டனர். ஆயினும், அவர்கள் நடந்துவந்த வடதிசையில் இருப்புப்பாதை பின்னரே அமைந்தது. 1890களின் இறுதியில் இந்தியாவிற் பரவிய பிளேக் நோயின் அச்சத்தால் வடபாதை தொழிலாளருக்கு மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலிற் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, இறாகமை முகாமில் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்ட பின்னரே தொழிலாளர் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தகரச் சீட்டு முறையில், தோட்டத்தின் அடையாள எண் பொறித்த தகர வில்லையைத் தொழிலாளி அணிந்து வந்தான். 1914இற் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் பயன்பாட்டுக்கு வந்தபின், தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் புகையிரதமும் தொழிலாளரைக் கொண்டுவந்தன.

பயணத்தின் துன்பம் இதனாற் பெரிதும் குறைந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆனால், நடந்து வந்தோரின் தடம் காட்டால் மூடப்பட்டது. வழியிற் புதைக்கப்பட்டோர்க்கு நடுகல் இல்லை. மாத்தளையில் ஆங்கிலேயர் தம் படையினருக்கு அமைத்த இடுகாடு எஞ்சியிருக்க, இப்பாதையில் இறந்த தமிழர்க்கு அத்தகைய அடையாளம் எதுவும் நிலைக்கவில்லை.

எழுத்துச் சான்று கேட்கப்பட்ட காலம்

1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர் என்ற பிரிவுகள் தனித்தனியே எண்ணப்பட்டன. 1946இல் இந்தியத் தமிழர் தொகை ஏறத்தாழ 7,80,000 ஆகும். நாட்டு மக்களில் இது நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ காட்டுமாறு கோரியது. தோட்டங்களிற் பிறப்புப் பதிவு நெடுங்காலம் ஒழுங்குற நடைபெறவில்லை. நடந்துவந்த பாட்டன் எந்த ஆண்டில் எந்தத் துறையில் இறங்கினான் என்பதற்கு ஏடு எதுவும் குடும்பத்தின் கையில் இருக்கவில்லை.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வசித்தமைக்குச் சான்று கேட்டது. இச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. மனிதரைத் தொகையாக எண்ணிய பழைய வழக்கம் ஈண்டும் தொடர்ந்ததைக் காணலாம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மற்றவருக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்ததனால் பிரிந்தோர் பலர். வடபாதையிற் கூடி நடந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தலைமன்னார்த் துறையிற் பிரிந்தனர். எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

வந்த வழியும் வாழ்ந்த காலமும் உண்மையாயிருந்தும், எழுத்து இன்மையால் அவ்வுண்மை சட்டத்தின் முன் செல்லாதாயிற்று. உறுதிப்பத்திரம் இன்மையாற் கண்டிக் குடியானவன் 1840களில் நிலத்தை இழந்தான். பதிவுச் சான்று இன்மையாற் தோட்டத் தொழிலாளி 1948இல் நாட்டை இழந்தான். இரு நேர்விலும் எழுதும் அதிகாரம் உடையோரே எது சான்று என்பதையும் தீர்மானித்தனர்.

முடிவுரை

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் ஒரு நடைபயணம் இடம்பெற்றது. ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டோர் மிகிந்தலை, தம்புள்ளை வழியாக நடந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். வழியெங்கும் முன்னோரின் நடையை நினைவிற் கொண்ட அப்பயணம், மறைந்துபோன பாதையை மக்கள் நினைவில் மீளவும் நிறுத்திற்று.

நினைவுகூர்தல் முதற்படி. அதனையடுத்து ஆராய்தல் வேண்டும். அரசாங்க அறிக்கைகள் வந்தோர் தொகையைத் தரும், வந்தோரைத் தாரா. அவர்களை அறிவதற்கு வேறு சான்றுகள் உள. தோட்டங்களில் எஞ்சியுள்ள செக்றோல் ஏடுகள், மாரியம்மன் கோயில்களின் கணக்குகள், தமிழகத்தில் குடும்பத்தார் கையிலுள்ள பழங்கடிதங்கள், தோட்டப் பெயர்களுக்கு மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர்கள் ஆகியன அவற்றுட் சில. யாவற்றினும் மேலாக, மலைநாட்டு வாய்மொழிப் பாடல்கள் உள. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் தொகுத்திராவிடில், கண்டிச் சீமைப் பயணத்தின் துயரை அவர்தம் சொற்களிலேயே நாம் அறியும் வாய்ப்பு அருகியிருக்கும். எந்த ஊரிலிருந்து வந்தோம், யாரோடு வந்தோம், வழியில் யாரை இழந்தோம் என்று பாட்டன்மார் சொல்லக் கேட்டோர் இன்றும் சிலர் உளர். அவர்களும் முதியோராய் மறைந்து வருகின்றனர்.

ஓதுவோர் மறையுமுன் நூலை எழுதிவைத்தல் வேண்டும் என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பிக்குகள் கொண்ட முடிவு, இன்று மலைநாட்டின் வரலாற்று மாணவர்க்கும் பொருந்துவதாகும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் லயத்திலுள்ள ஒரு முதியவரின் குடும்ப வரலாற்றை, ஊர்ப்பெயர், துறைப்பெயர், கங்காணிப் பெயர், தோட்டப்பெயர் ஆகியவற்றோடு எழுதி வந்தால், சில ஆண்டுகளில் நம் நூலகத்தில் வடபாதை பற்றிய ஒரு சான்றுத் தொகுதி உருவாகிவிடும். அரசேடுகளிற் காணப்படாத அம்மக்களின் பெயர்களுக்கு அத்தொகுதியே முதல் ஏடாக அமையும்.